'கடைசி ஸ்டேஜ்' என்று அச்சிடுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழ் என்று இல்லை, எல்லா நாளிதழ்களிலும் அடிக்கடி கண்ணில் படுகிற வாக்கியம் இது: 'அவருக்கு நுரையீரல் புற்றுநோய் மூன்றாவது ஸ்டேஜில் இருப்பது தெரியவந்தது.' படிக்கிறவர் இதை 'இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி' என்று எடுத்துக்கொள்கிறார். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் ஸ்கேன் கவரைக் கையில் வாங்கிய குடும்பம் முதலில் கேட்பதும் 'எத்தனாவது ஸ்டேஜுங்க?' என்பதைத்தான். அந்தக் கவருக்குள் அதற்குப் பாதி விடைதான் இருக்கும். மீதி விடை எங்கே கிடைக்கிறது, அதைத் தேடும்போது எங்கெங்கே பிசகுகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டேஜ் என்பது காய்ச்சல் மாதிரி நேராக அளந்து சொல்லும் எண் அல்ல. டி, என், எம் என்ற மூன்று எழுத்துக்குத் தனித்தனியாக விடை கண்டு, மூன்றையும் அட்டவணையில் பொருத்தினால் கடைசியில் வருவது அது. பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பியர் தெனுவா 1943க்கும் 1952க்கும் இடையில் வகுத்த முறை. நுரையீரலுக்கு இப்போது இதன் ஒன்பதாம் பதிப்பு, 2025 ஜனவரி முதல். அதற்கு முந்தைய எட்டாம் பதிப்பில் எழுதப்பட்ட ரிப்போர்ட்டுகளும் இன்னும் கையில் இருக்கின்றன. இதனால் வரும் குழப்பத்தைப் பின்னால் சொல்கிறோம்.

டி என்பது கட்டி. 1 செ.மீ. வரை டி1ஏ, 2 வரை டி1பி, 3 வரை டி1சி, 4 வரை டி2ஏ, 5 வரை டி2பி, 7 வரை டி3, அதற்கு மேல் டி4. அளவு மட்டும் போதாது. எதைத் தொட்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 2 செ.மீ. கட்டியே நுரையீரலைப் போர்த்திய உறையைத் துளைத்திருந்தால் டி2. மார்புச் சுவரைப் பிடித்திருந்தால் டி3. உணவுக்குழாய், முதுகெலும்பு, இதயம், பெரிய ரத்தக்குழாய் இவற்றில் ஒன்றைப் பிடித்திருந்தால் டி4. அளக்கும்போது ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. கட்டி மூச்சுக்கிளையை அடைத்துவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள நுரையீரல் காற்றில்லாமல் சுருங்கி, கட்டியோடு ஒட்டிக்கொண்டு வெள்ளையாகத் தெரியும். 4 செ.மீ. கட்டி படத்தில் 8 செ.மீ. போல நிற்கும். சாயம் ஏற்றி எடுத்த சிடி ஸ்கேனில் ஓரளவு பிரித்துப் பார்க்கலாம், கதிர்மருந்து ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனில் இன்னும் தெளிவாகத் தெரியும். அதனால்தான் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் பார்த்துவிட்டுச் சாயம் போட்டே எடுக்கச் சொல்கிறோம். நெஞ்சோடு நிறுத்தாமல் கல்லீரலும் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளும் அதே ஸ்கேனில் விழ வேண்டும். 'செஸ்ட் மட்டும்' என்று சீட்டில் எழுதிவிட்டால் அந்த இரண்டும் விட்டுப்போகும், இன்னொரு தரம் செலவு.

என் என்பது நெறி, அதாவது நிணநீர்ச் சுரப்பி. முடிவைப் புரட்டிப் போடுகிற எழுத்து இதுதான். கட்டி இருக்கும் நுரையீரலுக்குள்ளும் அதன் காம்பிலும் உள்ள நெறி என்1. இரண்டு நுரையீரலுக்கும் நடுவே, மூச்சுக்குழாயை ஒட்டி, கட்டி இருக்கும் அதே பக்கத்தில் இருப்பதும், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கவட்டுக்குக் கீழே இருப்பதும் என்2. நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனாலோ, காறை எலும்புக்கு மேலே கழுத்தடியில் வந்தாலோ என்3. நம் வீடுகளை வைத்துச் சொன்னால், வளவுக்குள்ளேயே நிற்கிறதா, இரண்டாம் கட்டுக்குப் போய்விட்டதா, சுவர் தாண்டி அடுத்த வீட்டுக்குள் இறங்கிவிட்டதா என்கிற கேள்வி. என்0, என்1 என்றால் பெரும்பாலும் முதலில் அறுவை. என்3 என்றால் அறுவை கிடையாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள என்2வில்தான் மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் நடக்கும்.

இந்த எழுத்தைப் படத்தை மட்டும் பார்த்து எழுதக்கூடாது. சிடியில் நெறியின் குறுக்களவு 10 மி.மீ.க்கு மேல் போனால் 'பெருத்தது' என்று ரிப்போர்ட் வரும். பெருத்த நெறியெல்லாம் புற்று அல்ல. சிறுத்த நெறியெல்லாம் சுத்தமும் அல்ல. பெட் ஸ்கேனில் ஒளிர்ந்தால் உறுதிதானே என்பார்கள். சர்க்கரையை வேகமாக உறிஞ்சுகிற எதுவும் அதில் ஒளிரும். காசநோய் நெறி நன்றாகவே ஒளிரும். விறகடுப்புப் புகையிலும் கல் தூசியிலும் காலம் கழித்தவர்களின் நெறியில் கரி படிந்திருக்கும், அதுவும் சில நேரம் ஒளிரும். காசநோய் இவ்வளவு பரவியிருக்கும் நம் நாட்டில், ஒளிர்கிற நெறியைப் பார்த்தவுடன் 'என்3, ஆபரேஷன் முடியாது' என்று எழுதுவது, குணமாகக்கூடியவரைத் திருப்பி அனுப்புவதாகிவிடும். ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்காமல் எதிர்ப்பக்க நெறியைப் புற்று என்று முடிவு கட்டக்கூடாது.

அந்த ஊசிக்கு இபஸ் என்று பெயர். நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய குழாயை வாய்வழியே மூச்சுக்குழாய்க்குள் இறக்கி, சுவருக்கு அப்பால் இருக்கும் நெறியைத் திரையில் பார்த்தபடியே குத்தி எடுப்பது. வெளியே கீறல் இல்லை. ஆறு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். க்ளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதய மருத்துவரைக் கேட்காமல் தாமாக நிறுத்தவும் கூடாது. குத்துவதில் ஒரு வரிசை உண்டு: முதலில் என்3, பிறகு என்2, கடைசியில்தான் என்1. தலைகீழாகப் போனால், அருகிலுள்ள நெறியில் இருந்த புற்றணு ஊசியில் ஒட்டிக்கொண்டு எதிர்ப்பக்க நெறியின் மாதிரியில் போய் விழும். இரண்டாவது ஸ்டேஜில் இருப்பவருக்கு மூன்று என்று ரிப்போர்ட் வந்துவிடும். ஒவ்வொரு நெறியிலும் குறைந்தது மூன்று தடவையாவது குத்தி எடுத்தால்தான் 'இல்லை' என்ற விடையை நம்பலாம். ரிப்போர்ட்டில் 'நெறியில் புற்று இல்லை' என்றிருந்தால், அந்த மாதிரியில் நெறிக்குரிய வெள்ளணுக்கள் இருந்ததாக எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால் ஊசி நெறிக்குள் போகவே இல்லை என்று அர்த்தம்.

காசநோய் என்றதும் அடுத்ததைச் சொல்லியாக வேண்டும். எக்ஸ்ரேயில் நிழல், மாலைக் காய்ச்சல், சளியில் ரத்தம் என்று வந்தவருக்குச் சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்க்காமலே ஆறு மாத மருந்தைத் தொடங்குவது இன்னும் நடக்கிறது. புற்றைச் சுற்றியிருந்த சளித் தொற்று அடங்குவதால் முதல் சில வாரம் கொஞ்சம் தெளிந்த மாதிரிகூட இருக்கும். ஆறு மாதம் கழித்துப் படம் எடுத்தால் நிழல் பெருத்திருக்கும். அரசு மருத்துவமனைகளில் காசநோய்க் கிருமியின் மரபணுவைச் சளியில் தேடும் சிபிநாட் சோதனை இலவசம், இரண்டு மணி நேரத்தில் விடை. சளியில் கிருமி இல்லை, இரண்டு மாத மருந்துக்கும் நிழல் அசையவில்லை என்றால் சிடியும் சதை டெஸ்ட்டும் எடுக்காமல் மருந்தை நீட்டக்கூடாது. இரண்டு நோயும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு.

சதை டெஸ்ட்டின்போது (பயாப்சி) இரண்டு பாட்டில் வேண்டும். ஒன்றில் சதையைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின், இன்னொன்றில் வெறும் நார்மல் சலைன் என்கிற உப்புநீர். புற்றுக்குப் பார்க்கும் சதை ஃபார்மலினில் போக வேண்டும். சதையின் அளவைப்போலப் பத்து மடங்கு திரவம், ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் மூன்று நாளுக்கு மேல் போகாமலும் ஊற வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் பின்னால் செய்கிற மரபணுச் சோதனை சரியாக வராது. காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சதையோ சலைனில்தான் போக வேண்டும், ஏனென்றால் ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். நடப்பது என்னவென்றால், எல்லாத் துண்டையும் ஒரே ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிடுகிறார்கள். புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்தபின், காசநோயா என்று பார்க்கச் சதை மிஞ்சுவதில்லை. அதைவிட மோசம், எல்லாவற்றையும் சலைனில் போட்டு, பஸ்ஸில் கொடுத்தனுப்பி, மறுநாள் லேப்பில் திறக்கும்போது சதை கூழாகியிருப்பது. உள்ளே போகும் முன் உறவினர் ஒருவர் 'எத்தனை பாட்டில் வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்பதில் யாருக்கும் குறைவில்லை.

விலா எலும்புக்கு நடுவே, சிடியில் பார்த்துக்கொண்டு ஊசி போடுவதானால் நூற்றுக்கு இருபது பேர் அளவில் நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் காற்று கசியும். பெரும்பாலும் தானே அடங்கிவிடும், சிலருக்குத்தான் குழாய் போட நேரும். அதனால் ஊசி போட்ட கையோடு வீட்டுக்குப் பஸ் ஏறக்கூடாது. சில மணி நேரம் படுத்திருந்து, மறுபடி ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

எம் என்பது பரவல். எம்0 என்றால் இல்லை. எதிர் நுரையீரலில் கட்டி, அல்லது நுரையீரலையோ இதயத்தையோ சுற்றிப் புற்றணு கலந்த நீர் என்றால் எம்1ஏ. நெஞ்சுக்கு வெளியே ஒரே ஓர் இடம் என்றால் எம்1பி, பல இடம் என்றால் எம்1சி. நீர் கோத்தவர்கள் விஷயத்தில் ஒரு வழக்கமான தவறு. ஒரு லிட்டர் நீரை உறிஞ்சி வாளியில் கொட்டிவிட்டு, ஐந்து மில்லியை மட்டும் காசநோய்க்கான ஏடிஏ சோதனைக்கு அனுப்புவார்கள். புற்றணு தேட 50 மில்லிக்குக் குறையாமல் சைட்டாலஜி என்கிற அணுச் சோதனைக்குப் போக வேண்டும், அதில் ஒரு பங்கில் உள்ள அணுக்களைத் திரட்டி மெழுகில் பதித்து (செல் பிளாக்) வைக்கச் சொல்ல வேண்டும். முதல் தடவை எடுத்த நீரில் புற்றணு அகப்படுவது நூற்றுக்கு அறுபது பேரிடம்தான். ஆகவே 'நீரில் ஒன்றும் இல்லை' என்ற ஒரே ரிப்போர்ட்டில் ஓய்ந்துவிடக்கூடாது. மூச்சு முட்டுகிறதே என்று ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுக்கச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் சுரந்துவிடும்.

அட்ரினலில் சின்னக் கட்டி என்று வந்தாலும் உடனே நாலாவது ஸ்டேஜ் ஆகாது. அந்தச் சுரப்பியில் கேடில்லாத கொழுப்புக் கட்டிகள் சாதாரணமாகவே வரும். வேறெங்கும் பரவல் இல்லை, அந்த ஓர் இடம்தான் ஸ்டேஜைத் தீர்மானிக்கிறது என்றால் அங்கும் ஊசி வைத்துப் பார்த்துவிட்டே எழுத வேண்டும். மூளைக்குப் பெட் ஸ்கேன் உதவாது. மூளை இயல்பாகவே சர்க்கரையைக் குடித்து முழுக்க ஒளிர்வதால், அதற்குள் இருக்கும் சின்னப் புள்ளி மறைந்துபோகும். அதற்குச் சாயம் ஏற்றிய எம்ஆர்ஐ தனியாக எடுக்க வேண்டும்.

பெட் ஸ்கேனுக்கு இங்கிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உடம்பில் ஏற்றும் கதிர்மருந்து 110 நிமிடத்துக்கு ஒரு தரம் பாதியாகத் தேய்கிறது. எங்கோ தயாராகி, நேரம் கணக்கிட்டு வண்டியில் வந்து இறங்கும் சரக்கு. யாருக்காகவும் எடுத்து வைக்க முடியாது. ஒன்பது மணி என்றால் எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். ஆறு மணி நேரம் தண்ணீர் தவிர ஒன்றும் கூடாது. வழியில் 'ஒரே ஒரு வெள்ளைப் பணியாரம்தானே' என்று வாயில் போட்டால் அன்றைய ஸ்கேன் போச்சு. ரத்தச் சர்க்கரை 200க்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பயந்து கிளம்பும்போது இன்சுலின் போட்டுக்கொண்டாலும் தப்பு: மருந்து முழுக்கத் தசைக்குப் போய்விடும், கட்டி மங்கலாகத் தெரியும். சர்க்கரை நோயாளிகள் இரண்டு நாள் முன்பே தங்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை நேரத்தை ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். முந்தின நாள் ஓட்டம், நடை, பாரம் தூக்குதல் வேண்டாம். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் பேசாமல், எதையும் மெல்லாமல், போர்த்திக்கொண்டு படுத்திருக்க வேண்டும். பேசினால் தொண்டைத் தசை ஒளிரும், குளிர்ந்தால் கழுத்துக் கொழுப்பு ஒளிரும். அதையெல்லாம் நெறி என்று குழம்ப இடமுண்டு.

இந்த மூன்று எழுத்தும் சேரும்போதுதான் வேடிக்கை. 8 செ.மீ. கட்டி, நெறி இல்லை, பரவல் இல்லை: டி4 என்0 எம்0, ஸ்டேஜ் மூன்று-ஏ. எதைப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பலருக்கு அறுவை செய்ய முடியும். ஒன்றரை செ.மீ. கட்டி, ஆனால் சுற்றிய நீரில் புற்றணு: டி1பி என்0 எம்1ஏ, ஸ்டேஜ் நான்கு-ஏ. எலுமிச்சையளவுகூட இல்லாதது நாலாவது, தேங்காயளவு இருப்பது மூன்றாவது. கட்டி எத்தனை நாளாக இருக்கிறது என்பதற்கு இந்த எண்ணில் இடமே கிடையாது.

பதிப்பு மாறியதால் வரும் குழப்பம் இது. 6 செ.மீ. கட்டி, ஒரே ஒரு நிலையத்து (நெறிகள் இருக்கும் இடங்களை எண்ணிட்டுப் பிரித்ததில் ஒன்று) என்2 நெறி என்று வையுங்கள். எட்டாம் பதிப்பின்படி மூன்று-பி. ஒன்பதாம் பதிப்பு என்2வை ஒரு நிலையம் மட்டும் என்றால் என்2ஏ, பல நிலையம் என்றால் என்2பி என்று பிரித்துவிட்டதால் அதே ஆள் மூன்று-ஏ. நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கே ஒரு ஸ்டேஜ், இங்கே ஒரு ஸ்டேஜ் என்று தெரிந்ததும் 'இங்கே தப்பாகச் சொல்லிவிட்டார்கள்' என்று ஒரு சண்டை. இருவரும் சரியாகவே சொல்லியிருக்கலாம். அனுப்புவதானால் மூன்று எழுத்தையும், எந்தப் பதிப்பு என்பதையும், சிடியை எடுத்த குறுந்தகட்டையும் அனுப்புங்கள். படம் பிடித்த ஃபிலிமை மறுபடி படம் பிடித்து அனுப்பினால் அதில் அளக்க ஒன்றும் இருக்காது.

எழுத்துகளுக்கு முன்னால் சின்னதாக 'சி' என்று இருந்தால் ஸ்கேனும் ஊசியும் வைத்துச் சொன்னது. 'பி' என்று இருந்தால் அறுத்தெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபின் சொன்னது. 'ஒய்' என்றால் மருந்து கொடுத்தபின் பார்த்தது. அறுவைக்குப் பிந்தைய ரிப்போர்ட்டில் எத்தனை நெறி எடுத்தார்கள் என்று பாருங்கள். என்1 நெறி மூன்று, நடு நெஞ்சு நெறி மூன்று, அதில் கவட்டுக்குக் கீழே உள்ளது ஒன்று கட்டாயம். இரண்டே நெறி எடுத்துவிட்டு என்0 என்று எழுதினால் அது தேடாமல் சொன்ன 'இல்லை'.

மூன்றாவது ஸ்டேஜ் என்றால் கைவிரித்துவிட்டார்கள் என்று பொருள் அல்ல. சிலருக்கு மருந்து கொடுத்துச் சுருக்கி அறுவை. மற்றவர்களில் தாங்கக்கூடியவர்களுக்கு ஆறு வாரம், முப்பது தவணைக் கதிர்வீச்சும் கூடவே கீமோவும், அதன்பின் தகுந்தவர்களுக்கு ஓராண்டு வரை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் மருந்து (இம்யூனோதெரபி). குணமாக்கும் நோக்கத்தோடு கொடுப்பதுதான் இது. நாலாவது ஸ்டேஜிலும் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணு மாற்றம் உள்ளவர்கள் மாத்திரையோடு ஆண்டுக்கணக்கில் நடமாடுகிறார்கள். புகை பிடிக்காத பெண்களிடம் இந்த மாற்றங்கள் கூடுதலாகக் காணப்படுகின்றன. அதனால்தான் சதையைக் கஞ்சத்தனமில்லாமல் எடுக்கச் சொல்கிறோம்; மெழுகுக் கட்டியாக வைத்திருக்கும் அந்தச் சதையின் எண்ணைக் குடும்பமும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்த ஸ்டேஜானாலும் ஆள் எழுந்து நடமாடுகிறாரா, பாதிப் பகல் படுக்கையா என்பதும் சிகிச்சையைத் தீர்மானிக்கும். அது ஸ்டேஜுக்குள் வராது.

நுரையீரல் புற்றில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக வரும் ஸ்மால் செல் (சிறிய அணு) வகைக்கு இதே மூன்று எழுத்தோடு இன்னொரு கணக்கும் உண்டு: ஒரே கதிர்வீச்சுப் புலத்துக்குள் அடங்கினால் 'லிமிடெட்' (அடங்கியது), மீறினால் 'எக்ஸ்டென்சிவ்' (விரிந்தது). இது வேகமாகப் பெருகும் வகை. இதில் சோதனைகளுக்காக வாரக்கணக்கில் காக்க வைக்கக்கூடாது.

இன்னொன்று: முதலில் குறித்த ஸ்டேஜ் கடைசி வரை மாறாது. இரண்டில் தொடங்கியவருக்கு மூன்று வருடம் கழித்து எலும்பில் வந்தால் 'இரண்டாவது ஸ்டேஜ், இப்போது எலும்பில் திரும்ப வந்திருக்கிறது' என்றுதான் எழுதுவோம். 'இரண்டிலிருந்து நாலுக்குப் போய்விட்டது' என்று அச்சிடுவது தவறு.

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். நோயாளி தாமே வெளியே சொல்லியிருக்கும் செய்திகளில் ஸ்டேஜ் எண்ணைப் போடுவதானால் ஏ, பி, சி என்ற உட்பிரிவையும் சேர்த்துப் போடுங்கள். சதையில் உறுதியானதா, ஸ்கேனை வைத்து மட்டும் சொன்னதா என்று ஒரு வரி எழுதுங்கள். 'கடைசி ஸ்டேஜ்' என்ற சொல்லுக்கு அட்டவணையில் இடமில்லை, தலைப்பிலும் வேண்டாம். முதல்வரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நோயறியும் சோதனைகள் சிலவும் அடங்கும் என்பது பலருக்குத் தெரியாது. அதையும் உடல்நலப் பக்கத்தில் ஒருமுறை போட்டால் நல்லது.

கடிதம் நீண்டுவிட்டது, முழுவதும் அச்சேற இடமிருக்காது என்று தெரியும். எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், இரண்டு பாட்டில் பத்தியை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
நெஞ்சக நோய், நோய்க்குறியியல் துறைகளில் பணியாற்றும் சிலர்,
காரைக்குடி